நெல் தமிழனது, நெறி எவனது?

2025-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில் காவிரிக் கழனி மாவட்டங்களின் நேரடி நெற்கொள்முதல் நிலையங்களுக்கு முன்னே குவிந்து கிடந்த குறுவை நெல் மழையில் நனைந்து முளைவிட்டது. அந்நெல்லை விளைத்த உழவன் சோம்பியிருக்கவில்லை. மேட்டூர் அணை அவ்வாண்டு சூன் 12-ஆம் நாளே திறந்தது, காவிரி தவறவில்லை, நிலமும் தவறவில்லை. தவறியது ஒன்றுதான். ஒரு வேலைக்குப் பின் எந்த வேலை, அதை எவர் செய்வது, எத்தனை நாளுக்குள் செய்வது, செய்யாவிடின் எவரைக் கேட்பது என்னும் ஒழுங்கு தவறியது. சாக்கு இருந்தால் ஆளில்லை. ஆளிருந்தால் சரக்குந்து இல்லை. சரக்குந்து வந்தால் கிடங்கில் இடமில்லை என்பதே களத்திற் கேட்ட குரல். நூறு கிலோவுக்குப் பொது வகையென்றால் 2,500 உருபா, சன்ன வகையென்றால் 2,545 உருபா என்று விலை வைத்தாகிவிட்டது. நெல்லும் இருந்தது. இரண்டும் சந்திக்கும் வழிதான் அடைபட்டுக் கிடந்தது.

இவ்வொழுங்கைப் படமாக வரைந்து கணிப்பொறியிடம் ஒப்படைத்தால், ஒருவர் முடித்த பணியை அதுவே அடுத்தவரிடம் சேர்க்கும். கெடு தவறினால் மேலவருக்கு ஓலை விடுக்கும். எவர் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதைத் தடம் பிசகாமற் பதிந்து வைக்கும். இத்தகைய மென்பொருளுக்குச் செயல்முறை மேலாண்மைத் தளம் என்று பெயர். உலகில் இன்று இது பெருவாணிகம். விற்பவர் பலராகையால் ஒப்பீடுகளும் பல. எந்த அலுவலகத்தில் இதை வாங்க எண்ணினாலும் முதலில் மேசைக்கு வந்து சேர்வது ஓர் ஒப்பீட்டு அட்டவணை: இடப்பக்கம் ஐம்பது வசதிகள், மேலே ஐந்தாறு நிறுவனப் பெயர்கள், கட்டங்களுக்குள் சரிக்குறிகள். அமெரிக்காவின் கார்ட்னர் நிறுவனம் விற்பனையாளரை நான்கு கட்டங்களுக்குள் புள்ளியிட்டுக் காட்டும் படத்தை மறுக்கவொண்ணாத் தீர்ப்பாக ஏந்தித் திரியும் அறிவுரைஞரும் உளர்.

அந்த ஐம்பது வரிகளுள் மூன்று வரிகள் இருப்பதில்லை. இம்மென்பொருளின் நெறி எவன் மொழியில் எழுதப்படுகிறது? அந்நெறியை மாற்றும் கை எவனுடையது? விட்டு விலகும் நாளில் கையோடு எதை எடுத்துக்கொண்டு போகலாம்? இம்மூன்றையும் கேளாத ஒப்பீடு ஒப்பீடன்று, விலைப்பட்டியல்.

"மென்பொருளுக்கும் மொழிக்கும் என்ன தொடர்பு? அது வெறுங்கருவிதானே?" என்று உதட்டைப் பிதுக்கும் படித்த தமிழர் தஞ்சையிலேயே மிகுதி. அவர்கள் நாகைக்கருகில் உள்ள ஆனைமங்கலத்தின் வரலாற்றை ஒருமுறை அறிந்துகொள்வது நல்லது.

முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறத்தாழ 1006-இல், கடல்கடந்த சிறீவிசய வேந்தன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தை இறையிலியாக வழங்கினான். தஞ்சை அரண்மனையின் மண்டபத்தில் இருந்துகொண்டு அவன் அதை வாயாற் சொன்னான். சொன்ன அளவில் நிலம் கைமாறிவிடவில்லை. திருமந்திர ஓலை எழுதுவான் அதை எழுத்தில் வடித்தான். திருமந்திர ஓலை நாயகர் அதனைப் பார்த்து ஒப்பமிட்டனர். பின்னர் அது வரித்துறைக்குச் சென்றது. அங்கே வரிப்பொத்தகக் கணக்கர் வேறு, முகவெட்டி வேறு, வரியிலிடுவோர் வேறு, பட்டோலை எழுதுவோர் வேறு. ஒவ்வொருவர் பெயரும் பணியும் ஊரும் பதிவாயின. ஆட்சியாண்டின் எத்தனையாவது நாளில் எப்படி நிகழ்ந்தது என்பதும் பதிவாயிற்று. வரியிலிட்ட பின்னரே ஆணை நாட்டாரிடம் வந்தது. நாட்டார் எதிர்சென்று அதனை வாங்கித் தலைமேற் கொண்டு, பெண்யானையை எல்லை நெடுகிலும் நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, தங்கள் பங்கிற்கு ஓர் ஓலை எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினர். நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். அதன் வழி வரும் நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல். குறுணி நாழி வரை கணக்கு உண்டு. தந்தை இட்ட ஆணையைப் பின்னர் மகன் இராசேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். அவ்வேடுகளை ஒல்லாந்தர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றமையால் உலகம் அவற்றை இலெய்டன் செப்பேடுகள் என்று அவர்கள் ஊர்ப்பெயராலேயே அழைக்கத் தொடங்கிற்று. அந்தக் கொடுமை தனி.

இன்றைய மென்பொருள் வாணிகர் தம் விற்பனைத் தாளில் பெருமையாக அச்சிடும் வசதிகளுள் எது இதில் இல்லை? பணியின் தொடக்கம், பொறுப்பாளர் பெயர், படிப்படியான ஒப்பம், நாட்குறிப்பு, களச்சரிபார்ப்பு, மீள் அறிவிப்பு, அழியாத் தடப்பதிவு அனைத்தும் உள்ளன. ஆணை வடமொழியில் மெய்க்கீர்த்தி பாடிய ஏடுகள் ஐந்து; வேலையைச் சொன்ன ஏடுகள் பதினாறு. அப்பதினாறும் தமிழ்! புகழுக்கு வேற்றுமொழியைக் கொண்ட அரசும் நடைமுறைக்குத் தமிழையே கொண்டது. நாட்டார் படித்துப் பார்த்து யானையை நடத்த வேண்டியிருந்ததே, அதுதான் கரணியம். நெறியை நிறைவேற்றுபவனுக்கு விளங்காத மொழியில் நெறியை எழுதினால் எல்லைக்கல் இடம் மாறிப் போகும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மென்பொருள் என்பது வெறும் பெட்டியன்று. ஒருவருடைய அலுவற்பழக்கம் அதனுள் உறைந்து கிடக்கிறது. நடுவணரசின் தகவலியல் நடுவம் ஆக்கிய மின்-அலுவலகம் என்னும் கோப்பு மென்பொருள், தில்லித் தலைமைச் செயலகத்தின் அலுவலக நடைமுறை நூலை அடியொற்றி அமைந்தது. தமிழ்நாட்டுக்கோ தன் மாவட்ட அலுவலக நடைமுறை நூல் உண்டு. தஞ்சை வட்டாட்சியர் அலுவலகத்து எழுத்தர் ஒவ்வொருவரும் காத்து வந்த தன்பதிவேடு உண்டு. எந்தத் தாள் என்றைக்கு வந்தது, என்ன நடவடிக்கை, எங்கே நிலுவை, எப்போது நினைவூட்டு என்று கோடிட்ட ஏட்டில் எழுதிய அத்தன்பதிவேடே முழுமையான செயல்முறைத் தடம். அதைப் பார்த்துக் கணிப்பொறியை இணக்குவதற்கு மாறாக, கணிப்பொறியைப் பார்த்துத் தன்பதிவேட்டை மறப்பது எந்த வகை முன்னேற்றம்?

இனி, கடைவீதியில் விற்பனைக்கு நிற்கும் தளங்களை அம்மூன்று கேள்விகளோடு அணுகலாம்.

முதல் வரிசையில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள். பெகா 1983-இல் தொடங்கியது, அப்பியன் 1999-இல். ஐ.பி.எம். 2010-இல் இலம்பார்டி என்னும் நிறுவனத்தை விலைக்கு வாங்கி அதன் மென்பொருளைத் தன் பெயரில் விற்றது. எட்டாண்டில் மீண்டும் பெயர் மாற்றிற்று. இவற்றின் ஆற்றலைக் குறைத்துச் சொல்லுதல் அறிவுடைமையன்று. ஆயிரக்கணக்கான விதிகளை ஒன்றோடொன்று முரணாமல் நிறுத்தி, பெருவங்கிகளின் கடன் விண்ணப்பங்களையும் காப்பீட்டு நிறுவனங்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் நாள்தோறும் ஓட்டிக் கொடுப்பவை அவை. ஆனால் அந்நெறிகளை எழுதப் பயிற்சிச் சான்று பெற்ற தனி வகுப்பார் வேண்டும். விதியில் ஓர் எண்ணை மாற்றவும் அவர்களையே அழைக்க வேண்டிய நிலை வாங்கியவனுக்கு வந்து சேர்கிறது. எழுதிய நெறியோ அந்தத் தளத்திற்கு வெளியே உயிர்வாழாது. நெறியின் உட்புறத்துக்கு அந்நாட்டில் என்ன மதிப்பு என்பதற்கு ஒரு சான்று: தன் தொழில் மறைபொருளைப் பெகா கவர்ந்துவிட்டதென்று அப்பியன் தொடுத்த வழக்கில் 2022-இல் வர்சீனிய அறங்கூறாயத்தின் நடுவர் குழு 200 கோடி தாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. 2024-இல் மேன்முறையீட்டில் அத்தீர்ப்புத் தள்ளப்பட்டது என்பது வேறு செய்தி. தம்முள்ளேயே இவ்வளவு காவல் காப்பவர், ஒரத்தநாட்டு எழுத்தர் கையில் திறவுகோலைக் கொடுப்பாரா?

இரண்டாம் வரிசை தமிழ்மண்ணில் பிறந்தவை. இங்கேதான் தமிழன் மயங்குகிறான். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த சிரீதர் வேம்புவும் உடன் நின்றோரும் 1996-இல் தொடங்கிய நிறுவனமே இன்று சோகோ எனப் பெயர் பெற்று நிற்கிறது. தென்காசிக்கருகே மத்தளம்பாறையில் இருந்துகொண்டு உலகுக்கு மென்பொருள் விற்க முடியும் என்று காட்டியது அது. 2006-இல் அது வெளியிட்ட 'கிரியேட்டர்' தளத்தில் நிரல் எழுதத் தெரியாதவரும் படிவமும் பணிப்பாய்வும் அமைக்கலாம். சென்னையில் சுரேசு சம்பந்தம் நிறுவிய நிறுவனத்திலிருந்து 2012-இல் வெளிவந்தது கிசுஃப்ளோ. சிறிய அலுவலகமும் விடுப்பு விண்ணப்பம், கொள்முதல் ஒப்புதல் போன்றவற்றை ஓரிரு நாளில் ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவுவது. பெருநிறுவனத் தளங்களோடு ஒப்பிட்டால் இவை எளியவை, செலவும் குறைவு. இவற்றை ஆக்கியோர் திறமையைத் தமிழினம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம்.

சொல்லிவிட்டு, கேள்வியையும் கேட்க வேண்டும். படிவத்தின் மேல் தமிழில் எழுதலாம், மறுப்பில்லை. ஆனால் சோகோ தளத்தில் நெறியை நுணுக்கமாக எழுதப் பயன்படும் 'தெலூச்சு' என்னும் நிரல்மொழியின் சொற்கள் ஆங்கிலச் சொற்கள். அதே நிறுவனம் 2021-இல் செய்தி பரிமாறும் செயலி ஒன்றை வெளியிட்டபோது அதற்கு 'அரட்டை' என்று தூய தமிழ்ப் பெயர் வைத்தது! பாராட்டத்தக்கதுதான். ஆனாலும் எண்ணிப் பார்க்கட்டும் தமிழர்: அரட்டையடிக்கத் தமிழ், அலுவல் நடத்த ஆங்கிலம் என்றால், இந்நாட்டில் இருநூறாண்டாக நடந்து வருவது அதுதானே? வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. அந்தப் பழைய பிளவையே தமிழனின் மென்பொருளும் சுமந்து நிற்கிறது.

இவ்விரு தளங்களும் தமக்கே உரிய வடிவில் நெறியைத் தம் முகிற்கணிகளில் வைத்திருப்பவை. பயன்படுத்துவோர் தலையெண்ணிக் கட்டணம் பெறுபவை. கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தரும் உதவுபவரும் காவலரும் பருவகாலப் பணியாளர். அறுவடை வந்தால் பணி, முடிந்தால் வீடு. நிலையமே பருவத்துக்குப் பருவம் திறப்பது, மூடுவது. தலைக்கு இவ்வளவு, திங்களுக்கு இவ்வளவு என்னும் கட்டணம், ஆண்டு முழுதும் ஒரே நாற்காலியில் ஒரே ஆள் அமர்ந்திருக்கும் நகரத்து அலுவலகத்தை மனத்தில் வைத்துக் கட்டியது. வயலுக்கு நடுவே இணையம் வந்துவந்து போகும் களத்தில் முகிலை நம்பி நிற்பதும் அப்படியே. மேலே கருமுகில் திரள, கீழே மென்முகில் கலைந்து போனால் உழவன் எதைப் பார்த்துத் தார்ப்பாயை விரிப்பான்? தமிழன் செய்தது என்பதாலேயே தமிழனுக்கென்று செய்ததாகிவிடாது.

மூன்றாவது வரிசை, மூலநிரல் திறந்து கிடப்பவை. 2010-இல் தோன்றிய ஆக்டிவிட்டியிலிருந்து 2013-இல் செருமானிய நிறுவனத்தின் கமுண்டா பிரிந்தது. 2016-இல் ஃப்ளோவபிள் பிரிந்தது. இவற்றின் நெறி 2011-இல் வெளியாகி 2013-இல் பன்னாட்டுத் தரமான பொதுக்குறியீட்டில் வரையப்படுவது. ஒரு தளத்தில் வரைந்த படத்தை மற்றொன்றில் திறக்கலாம். சிற்சில திருத்தம் வேண்டியிருக்கும், அவ்வளவே. படத்தின் பெட்டிக்குள் தமிழெழுத்தில் எழுதத் தடையேதுமில்லை. பெருங்குடியில் தமிழ்நாட்டரசின் தரவு நடுவம் இருக்கிறது. அங்கேயே நிறுவி ஓட்டலாம். தலைக்கட்டணம் இல்லை. ஆனால் இதை வாங்கி வைத்தால் தானே ஓடாது. நிரலறிந்த தமிழ் இளைஞர் குழுவொன்று நிலையாக அமர்ந்து பேண வேண்டும். அரசு அதற்குச் சம்பளம் தர வேண்டும்.

திறந்த கதவும் ஒருநாள் சாத்தப்படலாம் என்பதையும் மறக்கலாகாது. 2024 அக்தோபரில் கமுண்டா தன் புதிய பதிப்பின் உரிம விதியை மாற்றி, தொழிற்பயன்பாட்டுக்குக் கட்டணம் என்றது. 2025 அக்தோபரில் தன் பழைய ஏழாம் வரிசையின் கட்டணமில்லாப் பதிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதை நம்பியிருந்தோர் என்ன ஆயினர்? மூலநிரல் கையிலிருந்தமையால் பிறர் அதை எடுத்துத் தொடர வழியிருந்தது. பொதுக்குறியீட்டுப் படம் கையிலிருந்தமையால் வேறிடம் பெயரவும் வழியிருந்தது. மூடிய தளத்தில் இதே நேர்ந்திருந்தால் இரண்டு வழியும் இல்லை. மூன்றாம் கேள்வியின் பொருள் இதுவே: விற்பவன் நல்லவனா என்பதன்று; அவன் மனம் மாறினாலும் நெறி வாங்கியவனிடம் இருக்குமா என்பது.

இவ்வளவும் ஏட்டில் எழுதிய ஒப்பீடு. களத்தில் வைத்துப் பார்த்தால்தான் உரம் தெரியும்.

நெற்கொள்முதலின் நெறி வருமாறு. உழவர் சிட்டா, அடங்கலோடு பெயர் பதிகிறார். ஊர் நிருவாக அலுவலர் சான்றளிக்கிறார். நாள் குறிக்கப்படுகிறது. நெல் களத்துக்கு வருகிறது. ஈரப்பதம் அளக்கப்படுகிறது, தூற்றப்படுகிறது, 40 கிலோ சிப்பமாக எடையிட்டுத் தைக்கப்படுகிறது. பட்டியல் எழுதப்படுகிறது. வங்கிக் கணக்கில் பணம் ஏறுகிறது. சிப்பம் சரக்குந்தில் ஏறித் திறந்தவெளிக் கிடங்குக்கோ அரைவை ஆலைக்கோ செல்கிறது. கணக்குக்கு ஒன்பது பத்துப் படிகள். எந்தத் தளமும் இதை அரைநாளில் வரைந்து காட்டிவிடும். விற்பனையாளர் வரைந்து காட்டிக் கைதட்டலும் வாங்கிப் போவார்.

அவர் வரையாத கிளை ஒன்றுண்டு. காவிரிக் கழனியில் கோயில் நிலமும் மடத்து நிலமும் பெருநிலக்கிழார் நிலமும் வாய்மொழிக் குத்தகைக்கு உழப்படுவது நெடுங்காலப் பழக்கம். குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-இலேயே சட்டம் வந்தும், பெயரேறாத குத்தகையுழவர் இன்றும் உளர். விதைத்தவன் அவன், களை பறித்தவன் அவன், அடங்கலில் இருப்பதோ வேறு பெயர். படத்தின் முதற்பெட்டியிலேயே அவன் நின்றுவிடுகிறான். 'ஆவணம் உண்டா' என்னும் சாய்சதுரத்திலிருந்து 'ஆம்' என்று ஒரு கோடு செல்கிறது. 'இல்லை' என்னும் கோடு விண்ணப்பம் மறுப்பு என்று முடிகிறது. அந்தக் கோட்டின் மறுமுனையில் ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு நிற்பதைச் சென்னைக் குளிரறையில் படம் வரைபவர் எவ்வாறு அறிவார்? படம் தமிழில் இருந்து, திருவையாற்றுக் களத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்தால், முதலில் பார்க்கும் உழவனே விரல் வைத்துக் கேட்டிருப்பான்: "இந்தக் கோடு ஏன் இங்கே அறுந்து கிடக்கிறது?"

2021-22 பருவத்தில் இணையவழி முன்பதிவு முறை வந்தபோது நேர்ந்ததும் இதன் உடன்பிறப்பே. பதிந்த பின் ஊர் நிருவாக அலுவலர் ஒப்புதல். ஒப்புதலுக்குப் பின் நாள் குறித்துக் கைப்பேசிக்குச் செய்தி. தாளில் அழகிய முறை. தரகரை விலக்கும் நோக்கமும் அதற்கு உண்டு. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கதிர் முற்றுவது குறுஞ்செய்தியைக் கேட்டன்று. அறுவடைப் பொறி ஓரூரில் நிற்கும் நாளில் அறுத்தாக வேண்டும். அது அடுத்த ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வருவது என்றைக்கோ. பொறியின் வருகையும் வானத்தின் நிலையும் அந்த நெறியில் இல்லை. ஆகவே உழவர் எதிர்த்தனர். எதிர்த்தவரைப் 'புதுமைக்கு அஞ்சுவோர்' என்று ஏளனம் செய்தோர், அந்நெறியை ஒருமுறையேனும் அவர்கள் முன் படித்துக் காட்டினரா?

ஈரப்பதத்தின் வரலாறு இன்னும் கசப்பானது. நெல்லில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கலாகாது என்பது நடுவணரசின் விதி. மழைக்காலத்துக் காவிரிக் கழனிக்கு இது பொருந்தாதென்று ஒவ்வொரு முறையும் தமிழ்நாட்டரசு விண்ணப்பிக்கிறது. தில்லியிலிருந்து குழு வருகிறது. கைப்பிடி நெல்லை எடுத்துப் பையிலிட்டுப் போகிறது. 2022 அக்தோபரில் 19 என்று தளர்த்தினர். 2023 பிப்ரவரியில் 20 என்று தளர்த்தினர். 2025-இல் 22 கேட்டபோது மீண்டும் குழு வந்தது. செயல்முறை மென்பொருளில் இந்த 17 என்பது முடிவட்டவணையின் ஒரு கட்டம். அழித்து எழுத ஒரு நொடி போதும். ஒப்பீட்டுத் தாள்கள் 'விதியை விரைந்து மாற்றும் வசதி' என்று சரிக்குறி இடுவது இதற்குத்தான். விரைவு மென்பொருளில் இருக்கிறது. உரிமை தில்லியில் இருக்கிறது. எண்ணை இடுவது ஒருவர்; அதை எழுதுவது வேறொருவர் மொழி; காத்துக் கிடந்து முளைப்பது மட்டும் தமிழன் நெல். எந்தத் தளத்தை வாங்கினாலும் இந்த முடிச்சு அவிழாது என்பதை விற்பனையாளர் சொல்லமாட்டார். ஆனால் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதைத் தடப்பதிவு நாளும் மணியுமாகக் காட்டும். விண்ணப்பம் சென்ற நாள், குழு வந்த நாள், விடை வந்த நாள், இடையில் நனைந்த சிப்பம் எத்தனை என்று தமிழில் அச்சிட்டு ஊர் மன்றில் ஒட்டினால் அதற்குப் பெயர் அரசியல். அதற்காகவேனும் இம்மென்பொருள் வேண்டும்.

சிப்பத்துக்கு இவ்வளவு என்று களத்தில் கைமாறும் காசு பற்றி உழவர் அமைப்புகள் நெடுநாளாகக் குறை கூறி வருகின்றன. அதற்கு எந்தப் படத்திலும் பெட்டியில்லை. மென்பொருள் அதை ஒழித்துவிடும் என்பார் பொய்யர். எடைக்கும் பட்டியலுக்கும் இடையே கழிந்த நேரம் வெளிப்பட்டால் அது ஒளிய இடம் சுருங்கும் என்பது மட்டும் மெய்.

இனி எஞ்சுவது ஒரே மறுப்பு: "தமிழில் அதற்கெல்லாம் சொல் ஏது?" தஞ்சை மண்ணில் நின்றுகொண்டு இதைக் கேட்பவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான். செயல்முறை என்பது ஓடிவரும் ஒன்றைத் தேக்கி, பிரித்து, முறைவைத்து, உரிய வயலுக்கு உரிய அளவில் விடுவது. அதைத் தவிர வேறென்ன தொழில் செய்தது இந்த நாடு ஈராயிரம் ஆண்டாக? ஆங்கிலத்தில் வாயில் என்று பொருள்படும் பெயரால் அழைக்கும் சாய்சதுரம் இங்கே மதகு. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று ஒரு வரவை நான்காகப் பிரிக்கும் கல்லணையைவிடப் பெரிய மதகுப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு? பணி செல்லும் கோடு வாய்க்கால். ஒவ்வொரு பொறுப்பாளர்க்கும் ஒதுக்கிய நெடுங்கட்டம் பாத்தி. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வரப்பு. வழக்கமான வழி நிரம்பினால் வழிந்தோடும் மாற்றுவழி கலிங்கு. பலருக்கு மாறிமாறிப் பணி வழங்குவது முறைப்பாசனம். அலுவலகத்துக்குள் வந்தால் நிலுவை, கெடு, நினைவூட்டு, ஒப்பளிப்பு, ஒப்புகை, மேலொப்பம் என்று எழுத்தர் நாவிலேயே சொற்கள் காத்திருக்கின்றன. 'கேட்வே' என்று சொல்லி விளக்க அரைமணி ஆகும் ஒன்று, 'மதகு' என்ற அளவில் பாபநாசத்து உழவனுக்கு விளங்கிவிடும். அதன்பின் அவன் திருப்பிக் கேட்பான்: மதகுப் பலகை எவன் கையில்?

எழுத்துக்கும் தடையில்லை. 1999-இலேயே தமிழ்99 விசைப்பலகை வகுத்தாயிற்று. 2010 சூனில் ஒருங்குறியை அரசாணையாலேயே ஏற்றாயிற்று. ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலிருந்தே இருக்கிறது. தஞ்சையில் 1981-இலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சட்டம், எழுத்து, சொல், ஆள் நான்கும் இருந்தும் அலுவல் நெறி ஆங்கிலத்தில் ஓடுகிறதென்றால் இல்லாதது எது என்று தமிழ்நாட்டரசு தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் நான்கு வரி சேர்க்க எவரும் தடுக்கவில்லை: நெறிப்படம் பொதுக்குறியீட்டில், தமிழில் வரையப்பட வேண்டும், படமும் விதியட்டவணையும் அரசின் உடைமையாக அரசின் கணியிலேயே இருக்க வேண்டும், இணையம் அறுந்தபோதும் களத்தில் பதிவு நடக்க வேண்டும், பருவகாலப் பணியாளர்க்குத் தலைக்கட்டணம் கூடாது. இந்நான்குக்கும் உடன்படும் எந்த நிறுவனமும், அது பாசுடனிலிருந்து வந்தாலும் பெர்லினிலிருந்து வந்தாலும் தென்காசியிலிருந்து வந்தாலும், விலை சொல்லட்டும். உடன்படாத நிறுவனம் தமிழன் நிறுவனமேயாயினும் வெளியே நிற்கட்டும்.

அதற்கு முன்னர்ச் செய்யத்தக்க சிறுவேலை ஒன்று உண்டு. அதற்கு மென்பொருளும் வேண்டா. அடுத்த குறுவைக்கு மேட்டூர் மதகு திறக்குமுன், தஞ்சை மாவட்டத்தில் ஒரேயொரு கொள்முதல் நிலையத்தின் நெறியைப் பெரிய தாளில் தமிழில் வரைந்து, மதகும் வாய்க்காலும் பாத்தியும் கலிங்கும் குறித்து, ஒவ்வொரு பாத்தியிலும் பொறுப்பாளர் பெயரும் கெடு நாளும் எழுதி, அந்நிலையத்தின் சுவரில் ஒட்டட்டும். பட்டியல் எழுத்தரும், சுமைப்பணியாளரும், பெயரேறாத குத்தகையுழவரும் அதன் முன் நின்று, அறுந்த கோடுகளைக் கரிக்கோலால் இணைக்கட்டும். கரிக்கோடு நிறைந்த அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு போய் ஒப்பீட்டு அட்டவணைக்காரர் மேசையில் விரித்து, "இதை ஓட்டிக் காட்டு" என்று அரசின் ஆள் சொல்லட்டும்.